இராமானுசன் அட்டவணையில் விடுபட்ட எண்: 2,93,31,86,25,600 – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஸ்ரீநிவாச இராமானுசன் 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைகள் இதழில் உயர் பகு எண்கள் குறித்து நெடிய ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். அதில் 102 எண்கள் கொண்ட அட்டவணை இடம்பெற்றுள்ளது. அவ்வட்டவணை எட்டும் எல்லைக்குள் இருந்தும் அதில் இடம்பெறாத உயர் பகு எண் ஒன்றே ஒன்று. அது 2,93,31,86,25,600. இக்கட்டுரை அவ்வெண்ணின் இயல்புகளை விளக்கி, அது உயர் பகு எண் என்பதைக் கைக்கணக்கால் நிறுவி, அது விடுபட்டிருக்கக்கூடிய சூழலை அட்டவணையின் அகச்சான்றுகளைக் கொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இராமானுசன், உயர் பகு எண், வகுஎண், பகாக் காரணி, அட்டவணை, பதிப்பியல்

முன்னுரை

இராமானுசனைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் 1729 என்னும் எண் பெற்ற இடம் பெரிது. மருத்துவமனைப் படுக்கை, வாடகை வண்டியின் எண், உடனடியாக வந்த விடை ஆகிய மூன்றும் சேர்ந்து அந்நிகழ்ச்சியை ஒரு கதையாக்கிவிட்டன. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை அருளினாள் என்னும் செய்தியும் அத்தகையதே. இவை பொய் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. ஆனால் இவ்விரண்டும் சேர்ந்து, இராமானுசன் எண்களைக் கண்டார், கணக்கிடவில்லை என்றதொரு தோற்றத்தை நம் வாசகரிடையே நிலைநிறுத்தியுள்ளன. அத்தோற்றத்தைச் சோதிக்க 1915ஆம் ஆண்டின் அட்டவணையைவிடத் தகுந்த சான்று இல்லை. அது கையால் உழைத்துச் செய்யப்பட்ட அட்டவணை. அதில் ஒரு பிழையும் உண்டு.

உயர் பகு எண் என்பது யாது

ஓர் எண்ணை மீதமின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுஎண்கள். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள் உள. 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. இவ்வாறு, தனக்குச் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுஎண்களைப் பெற்ற எண்ணை இராமானுசன் உயர் பகு எண் எனப் பெயரிட்டார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என அவ்வரிசை செல்கிறது. பகா எண்ணுக்கு இரண்டே வகுஎண்கள். அதற்கு நேர் எதிர்முனையில் நிற்பவை இவை.

எண்ணின் பகாக் காரணிகளின் அடுக்குகள் தெரிந்தால் வகுஎண்களின் தொகையை அறிவது எளிது. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும். எடுத்துக்காட்டாக 360 = 2³ · 3² · 5; ஆகவே வகுஎண்கள் 4 × 3 × 2 = 24. உயர் பகு எண்ணில் பகா எண்கள் இடைவிடாது 2, 3, 5, 7 என வரவேண்டும்; அடுக்குகள் ஏறாமல் செல்லவேண்டும்; 4, 36 ஆகிய இரண்டு எண்களைத் தவிர மற்றவற்றில் இறுதிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும். முதலிரண்டும் சிறிது சிந்தித்தால் யாருக்கும் புலப்படுபவை. மூன்றாவதை நிறுவ இராமானுசன் உழைக்கவேண்டியிருந்தது.

மேற்சொன்ன கருத்துக்கு முன்வரலாறு இல்லாமலில்லை. பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் இலட்சிய நகரின் குடிகள் 5040 எனக் குறித்து, அவ்வெண்ணுக்கு 59 வகுஎண்கள் உண்டு என்றும் காரணம் கூறுகிறார். அவர் அவ்வெண்ணையே வகுஎண்ணாகக் கொள்ளவில்லை, கொண்டால் 60. பங்கீட்டுக்கு வசதியான எண் என்பதே அவர் நோக்கு. 5040 ஓர் உயர் பகு எண். இவ்வெண் இக்கட்டுரையில் எதிர்பாராத இடத்தில் மீண்டும் வரும்.

1907இல் சுவீடன் நாட்டுக் கணிதவியலார் விகர்ட், ஓர் எண்ணின் வகுஎண்கள் மிகுதியாகப் போனால் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு முதன்மையான மதிப்பீட்டை அளித்திருந்தார். அம்மதிப்பீட்டைக் கூர்மையாக்குவதே இராமானுசனின் குறிக்கோள். மிகுதியின் எல்லையை அறிய, அம்மிகுதியை அடையும் எண்களையே நேரில் ஆராயலாம் என்பது அவர் கண்ட வழி.

1915ஆம் ஆண்டின் ஆய்வுரை

1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறிய இராமானுசன் அடுத்த மாதம் இங்கிலாந்தை அடைந்தார். ஆகஸ்டில் போர் தொடங்கியது. 1915இல் வெளிவந்த உயர் பகு எண்கள் பற்றிய உரை அவ்விதழில் 347 முதல் 409 வரையிலான பக்கங்களை நிரப்பியது; அவர் தம் வாழ்நாளில் வெளியிட்டவற்றுள் மிக நீளமானதும் இதுவே. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி வழியாகப் பட்டம் அளித்ததும் இவ்வுரையின் அடிப்படையில்தான். ஆய்வுப்பட்டத்துக்காகப் பதிவு செய்துகொண்டு உழல்வோர்க்கு இச்செய்தி சிறிது ஆறுதல் தரும். அவரும் ஓர் ஆய்வேட்டின் வழியே வந்தவர்.

ஹார்டி இவ்வுரையை மதிப்பிடும்போது, இதன் முறைகள் அடிப்படைக் கணிதத்தைச் சார்ந்தவையே எனினும் சமனிலிகளைக் கையாள்வதில் இராமானுசனுக்கிருந்த அசாதாரணத் தேர்ச்சியை இது காட்டுகிறது என்ற கருத்தைப் பதிவு செய்தார். நாம் இங்கே கருதவேண்டியது இதையே. இவ்வுரையில் வியக்கவைக்கும் முடிவிலித் தொடர்கள் இல்லை. பொறுமையும் ஒழுங்கும்தான் இருக்கின்றன.

எழுதியவை அனைத்தும் அச்சேறவில்லை. கழகம் அப்போது பொருள் நெருக்கடியில் இருந்தமையால் செலவைக் குறைக்கும்பொருட்டு இராமானுசன் ஒரு பகுதியை நிறுத்திக்கொண்டார். இச்செய்தியை 1927இல் ஹார்டி, சேஷு ஐயர், வில்சன் ஆகியோர் பதிப்பித்த தொகைநூலின் குறிப்பு தெரிவிக்கிறது. நிறுத்தப்பட்ட பகுதியின் கையெழுத்துப்படி 1988இல் புதுதில்லியில் வெளியான 'தொலைந்த குறிப்பேடு' தொகுதியில் நிழற்படமாக இடம்பெற்றது. 1997இல் ஜான் லூயி நிக்கோலா, கீ ரோபின் என்னும் பிரெஞ்சுக் கணிதவியலார் இருவரும் அதைக் குறிப்புரையோடு பதிப்பித்தனர்.

அட்டவணையும் அதன் இடைவெளியும்

அட்டவணை 2இல் தொடங்கி 67,46,32,83,88,800இல் முடிகிறது. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி. ஒவ்வோர் எண்ணுக்கும் வகுஎண் தொகையும் பகாக் காரணிகளும் தரப்பட்டுள்ளன. அவற்றுள் தனிச்சிறப்புடைய சில எண்கள் உடுக்குறியிடப்பட்டுள்ளன. இவற்றை மேல்நிலை உயர் பகு எண்கள் எனலாம். இவை ஒன்றிலிருந்து அடுத்தது ஒரு பகா எண்ணால் பெருக்கக் கிடைப்பவை. அட்டவணை முழுவதையும் தாங்கும் தூண்கள் போன்றவை.

2இலிருந்து இவ்வெல்லை வரை உண்மையில் உள்ள உயர் பகு எண்கள் 103. அட்டவணையில் 102. விடுபட்டது வருமாறு:

2,93,31,86,25,600 = 2⁶ · 3⁴ · 5² · 7² · 11 · 13 · 17 · 19

வகுஎண்களின் தொகை 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. பிளேட்டோவின் நகரத்துக் குடிகளின் எண்ணிக்கையே இங்கு வகுஎண் தொகையாக வந்து நிற்கிறது. இது தற்செயல், இதற்குமேல் பொருள் காண்பது எண்சோதிடமாகிவிடும்.

இவ்வெண் உயர் பகு எண் என்பதைக் கணிப்பொறி இன்றியே காட்டலாம். இதைவிடச் சிறிய எண் எதற்கும் 5040 வகுஎண்கள் இல்லை என நிறுவினால் போதும். இறுதிப் பகா எண் எது என்பதைக் கொண்டு வகைப்படுத்துவது இராமானுசன் போக்குக்கு ஒத்தது.

இறுதிப் பகா எண் 29 எனக் கொள்வோம். 7 முதல் 29 வரையிலான ஏழு பகா எண்களின் பெருக்கம் 21,56,56,441. எனவே 2, 3, 5 ஆகியவற்றுக்கு எஞ்சும் இடம் 1360 அளவே. அதற்குள் மிகுதியான வகுஎண்கள் 1080க்கு, 32. ஏழு பகா எண்களும் 128 மடங்கைத் தருவதால் மொத்தம் 4096, போதாது. 7இன் அடுக்கை உயர்த்தினாலும் 31ஐச் சேர்த்தாலும் இன்னும் குறையும்.

இறுதிப் பகா எண் 23 என்னும் நிலைதான் நுட்பமானது. 7 முதல் 23 வரையிலான ஆறின் பெருக்கம் 74,36,429. எஞ்சும் இடம் 39,443. ஆறு பகா எண்கள் 64 மடங்கைத் தரும். ஆகவே 5040ஐ எட்ட, 39,443க்குள் 2, 3, 5 மட்டும் கொண்டு குறைந்தது 79 வகுஎண்கள் உள்ள எண் வேண்டும். 21,600, 28,800, 34,560, 36,000, 38,880 ஆகிய ஐந்துக்கும் 72, 32,400க்கு 75. அதற்குமேல் இல்லை. (இதை விடுதி அறையில் தாளில் போட்டபோது 36,000ஐ இருமுறை தவறாக எண்ணினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 7க்கு இரண்டாம் அடுக்கு கொடுத்தால் இடம் 5,634ஆகச் சுருங்கி, கிடைக்கும் பெருமத் தொகை 4608.

இறுதிப் பகா எண் 19 எனின் 7இன் அடுக்கு 2ஆக இருக்கும் நிலையே கடினமானது. அங்கு 1,29,600க்குக் குறைந்த எண் ஒன்று 105 வகுஎண்களைப் பெறவேண்டும். 86,400க்கும் 1,08,000க்கும் உள்ள 96ஏ பெருமம். 1,29,600க்கோ சரியாக 105. அதுவே நம் எண்ணைத் தருவது. ஏனைய நிலைகள் எளிதில் விலகுகின்றன.

ஏன் விடுபட்டது

விடுபட்ட எண்ணுக்கு முன்னும் பின்னுமுள்ள எண்களை அட்டவணையில் உள்ளவாறே நோக்குவோம். 1,60,62,68,66,400, 2,40,94,02,99,600, 3,21,25,37,32,800, 4,81,88,05,99,200, 6,42,50,74,65,600, 9,63,76,11,98,400. இவ்வாறு எண்களுக்கும் 5² · 7 · 11 · 13 · 17 · 19 · 23 என்னும் பகுதி பொது. மாறுபவை 2, 3 ஆகியவற்றின் அடுக்குகள் மட்டுமே. அவை முறையே 2⁵ · 3³, 2⁴ · 3⁴, 2⁶ · 3³, 2⁵ · 3⁴, 2⁷ · 3³, 2⁶ · 3⁴ என வருகின்றன. அடுத்தடுத்த எண்களின் விகிதம் 3/2, 4/3, 3/2, 4/3, 3/2.

தாளக்கட்டுப் போன்ற இவ்வொழுங்கே கண்ணை ஏமாற்றியிருக்கக் கூடும் என்பது என் கருத்து. இரண்டாம் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் இடையேதான் 2,93,31,86,25,600 வரவேண்டும். அது வந்தால் தாளம் உடையும். அதில் 23 இல்லை. 7 மட்டும் இரண்டாம் அடுக்குக்கு ஏறியிருக்கிறது. சுற்றியுள்ள ஆறும் ஒரு குடும்பம். இது வேற்று ஊரிலிருந்து வந்தது. விடுபட்ட நிலையிலும் அங்கே 4/3 என்னும் இடைவெளிதான் எஞ்சுகிறது. அதற்கு முந்தைய இடைவெளியே 3/2. எனவே அச்சுப்படியைப் படிப்பவர்க்கு ஐயம் எழ வாய்ப்பில்லை.

இன்னொரு வகையாகவும் பார்க்கலாம். இப்பகுதியின் தூண்கள் இரண்டு: 13,96,75,53,600, 3,21,25,37,32,800. முதலதை 23ஆல் பெருக்கினால் இரண்டாவது. முதலதை 21ஆல் பெருக்கினால் விடுபட்ட எண்! 23ஆல் பெருக்கும்போது வகுஎண்கள் 2688இலிருந்து இரட்டித்து 5376 ஆகின்றன. 21ஆல் பெருக்கும்போது 3இன் அடுக்கு 3இலிருந்து 4க்கும், 7இன் அடுக்கு 1இலிருந்து 2க்கும் ஏறுவதால் வகுஎண்கள் 5/4 × 3/2, அதாவது 15/8 மடங்காகி 5040 ஆகின்றன. புதிய பகா எண்ணைச் சேர்ப்பதா, பழையவற்றை உயர்த்துவதா என்னும் போட்டியில் 21, 23க்குச் சற்றே முந்திக்கொண்டு, தூணின் நிழலிலேயே ஓர் இடத்தைப் பிடிக்கிறது. 19இலிருந்து 23க்கு மாறும் இவ்வெல்லைப்பகுதியில் இரு வகை எண்களும் கலந்தே வருகின்றன. 97,77,28,75,200, 1,46,65,93,12,800 ஆகிய 19இல் முடியும் எண்களை இராமானுசன் தவறவிடவில்லை. அவ்வகையின் கடைசி எண்ணையே தவறவிட்டார். இதற்குப்பின் அட்டவணையின் இறுதிவரை எல்லா எண்களிலும் 23 உண்டு.

ஆதலின் இது அறியாமையால் நேர்ந்த பிழை ஆகாது. அவ்வுரையிலேயே தரப்பட்ட முறை இவ்வெண்ணைத் தவறாது கண்டுபிடிக்கவல்லது. அட்டவணையின் கடைசி எண் இதற்குச் சான்று. 67,46,32,83,88,800ஐப் பகுத்தால் 2⁶ · 3⁴ · 5² · 7² · 11 · 13 · 17 · 19 · 23 எனக் கிடைக்கும். அது விடுபட்ட எண்ணின் சரியாக 23 மடங்கு. 10,080 வகுஎண்கள் கொண்ட கடைசி எண்ணைச் சரியாக எழுதிய கைக்கு அதன் பகுதியாகிய சிறிய எண் எட்டாததன்று. கணித்த தாளிலிருந்து படியெடுத்தபோது ஒரு வரி விழுந்திருக்கலாம். அல்லது 23 வந்தபின் 19ஐ மீண்டும் சோதிக்கத் தோன்றாதிருந்திருக்கலாம். மேலே காட்டிய தாள ஒழுங்கை நோக்கின் இரண்டாவதே பொருத்தமுடையதாகத் தோன்றுகிறது.

இதற்கு வெளிச்சான்று ஒன்றும் உண்டு. நிறுத்தப்பட்ட பகுதியோடு கிடைத்த கையெழுத்துத் தாள்களில் வேறோர் அட்டவணை இருக்கிறது. தனக்குச் சிறிய எதற்கும் குறையாத வகுஎண்களை உடைய எண்களின் பட்டியல் அது. உயர் பகு எண்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முந்தைய படிநிலை. அதில் 4200, 1,51,200, 4,15,800, 4,91,400 என்னும் நான்கும் விடுபட்டிருப்பதையும், தகுதியற்ற 1,50,840 சேர்ந்திருப்பதையும் நிக்கோலாவும் ரோபினும் சுட்டினர். 1,50,840 = 2³ · 3² · 5 · 419; வகுஎண்கள் 48 மட்டுமே. 1,51,200க்கோ 144. விடுபட்ட 1,51,200இன் இடத்தில்தான் 360 குறைந்து 1,50,840 எழுதப்பட்டதோ என ஐயுற இடமுண்டு. எவ்வாறாயினும், பெருக்கிக் கூட்டி எழுதியவர் ஒருவரின் சுவடு அது. கனவில் கண்டதைப் படியெடுத்தவரின் சுவடு அன்று.

பதிப்பியல் நோக்கில் ஒரு குறிப்பு

தமிழாய்வாளர்க்கு இத்தகைய விடுபாடு புதிதன்று. ஏட்டுச்சுவடியில் ஒத்த தொடக்கமுடைய இரண்டு அடிகளுக்கிடையே நிற்கும் அடி எளிதில் விழுந்துவிடும் என்பதைச் சுவடிப்பதிப்பில் ஈடுபட்ட எவரும் அறிவர். பதிப்பாசிரியர் அதை மூலத்தில் கமுக்கமாகச் செருகுவதுமில்லை; அதனால் புலவரின் பெருமை குறைந்ததாகக் கருதுவதுமில்லை. ஓசை, தளை, பொருள் ஆகியவற்றைக் கொண்டு விடுபட்டதை ஊகித்துக் குறிப்பில் தருகிறார். எண்களின் அட்டவணையில் அவருக்குக் கிட்டாத வாய்ப்பு ஒன்று நமக்கு உண்டு: விடுபட்டது இதுதான் என ஐயமற நிறுவலாம்.

உயர் பகு எண்களின் கதை அட்டவணையோடு நிற்கவில்லை. 1944இல் பால் எர்டிஷ், குறித்த எல்லைக்குள் இத்தகைய எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்பதை இராமானுசனைவிடக் கூர்மையாக மதிப்பிட்டார். அடுத்தடுத்த இரண்டு உயர் பகு எண்களின் விகிதம் வரிசை நீள நீள ஒன்றை நெருங்கும் என இராமானுசன் காட்டியிருந்தார். 3/2, 4/3 போன்ற இடைவெளிகள் தொடக்கப்பகுதிக்கே உரியவை.

தமிழில் இராமானுசன் படைப்புகளை மொழிபெயர்த்துப் பதிப்பிக்கும்போது இவ்வட்டவணையை 102 எண்களோடு அச்சிடுவதா, 103 எண்களோடு அச்சிடுவதா என்னும் வினா எழும். மூலம் உள்ளவாறே 102 வரிகளையும் தந்து, 2,40,94,02,99,600க்கும் 3,21,25,37,32,800க்கும் இடையே பகர அடைப்புக்குள் விடுபட்ட வரியை 5040 என்னும் தொகையோடு சேர்ப்பது முறையாகும். அடிக்குறிப்பு ஒன்றும் வேண்டும். கடைசி வரியை 23ஆல் வகுத்துப் பார்க்குமாறு அதில் வாசகரைக் கேட்டுக்கொண்டால் போதும்.